கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ராக்கெட் கிளம்புகிற சத்தத்தை ஒரு தடவையாவது காதாரக் கேட்டுவிட வேண்டும் என்று ஆபரேட்டருக்கு ஆசை வந்ததற்கு ஒரு நர்ஸம்மாதான் காரணம். அவர் லீவில் பிள்ளைகளோடு விண்வெளி மையத்துக்குப் போய்வந்த கையோடு, ஆஸ்பத்திரி சுவிட்ச்போர்டு அறைக்குள் தலையை நீட்டினார். "சார், அங்க ஒரு ஹால் இருக்கு. ராக்கெட் போற சத்தத்த அப்படியே போட்டுக் காட்டுறாங்க. தரையே ஆடுது. பல்லெல்லாம் கிடுகிடுங்குது. உங்களுக்குன்னே கட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று கொளுத்திப் போட்டுவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மனுஷர் நிலைகொள்ளவில்லை. மிக்ஸி ஓடினால்கூட, "இதைப் போல எத்தனை மடங்கு இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டுத் துளைத்தார்.

ஆபரேட்டருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருமினாலே இன்னார் என்று சொல்லிவிடுவார். யாராவது அவரிடம் பரிதாபமாகப் பேச்செடுத்தால், "எதைப் பத்தி வருத்தப்படணும்னு தெரிஞ்சாத்தானே வருத்தப்பட முடியும்?" என்று சிரித்து, அடுத்த அழைப்பை இணைக்கப் போய்விடுவார்.

அவருடைய மனைவி அதே தெருவில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பேன்ட்டுக்குக் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்துப் போனவர்களுக்குப் பிடித்துத் தருவது, பெருத்துப் போனவர்களுக்குப் பிரித்துத் தருவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். வம்பு தும்புக்குப் போகாதவள். வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால், அவர்களுக்கு இடம் போதுமோ என்னவோ என்று ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்கிற ரகம். ஆயுளில் ஒரே ஒரு தடவை பிடிவாதம் பிடித்திருக்கிறாள். கண் தெரியாதவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அண்ணனை எதிர்த்து நின்றாளே, அப்போது. அதோடு தன் பங்குப் பிடிவாதம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போனால் அவருக்கு உலகத்தை எடுத்துச் சொல்வது அவள் வேலை. துணிக்காரி அல்லவா, எல்லாமே துணியாகத்தான் அவள் வாயில் வரும். கடல், இஸ்திரி போடாத நீல சாட்டின். மேகம், கிழிந்த தலையணைப் பஞ்சு. அவருக்கு அது பிடிக்கும். ஆனால் சொல்ல வராதபோது கொஞ்சம் இட்டுக்கட்டுவாள். அப்போது மட்டும் அவள் குரல் கடைசியில் ஒரு இழை மேலே போகும். அவர் உடனே பிடித்துவிடுவார்.

அண்ணன் நகராட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி. கல்யாணத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் பேசாமல் இருந்து, பிறகு பேசத் தொடங்கியவர். தங்கைக்கு நாற்பது தாண்டிய பிறகும் அவளை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். தங்கை கணவரை மட்டும் "மாப்பிள்ளை" என்று கூப்பிட இத்தனை வருஷத்தில் அவருக்கு வாய் வந்ததில்லை. ஊரார் கூப்பிடுகிற மாதிரி, "என்ன ஆபரேட்டர்?" என்பார்.

அந்த அண்ணனுக்கு ஆபீசில் விண்வெளி மையத்துக்கு நாலு பாஸ் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்ததால் இரண்டு பாஸ் மிச்சம். "உங்க தங்கச்சியையும் அவரையும் கூட்டிட்டுப் போலாமே" என்று அண்ணிதான் சொன்னார். அண்ணன் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த அண்ணியிடம் சொல்வதாக நினைத்து, "அவர் வந்து என்னத்தப் பாக்கப் போறார்?" என்றார். அது அப்படியே போனில் வந்து விழுந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆபரேட்டர் போனை வாங்கி, "மச்சான், நான் பாக்க வரல. கேக்க வர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் காரில் கிளம்பினார்கள். ஓட்டிக்கொண்டே அண்ணன் சட்டதிட்டம் சொல்லிக்கொண்டு வந்தார். "பாஸ் என் ஆபீஸ் பேர்ல வந்தது. நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம். பாப்பா, அவர் கைய விடாம புடிச்சுக்க. எதையாவது தட்டி விட்டுட்டார்னா என் மானம் போயிடும்."

"நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, நீங்க போன மாசம் கல்யாண வீட்ல தண்ணி டிரம்மையே தட்டி விட்டீங்க" என்றார் அண்ணி. அண்ணன் ஹாரன் அடித்தார். முன்னால் வண்டி ஒன்றும் இல்லை.

மையத்தின் வாசலில் பெரிய பலகை இருந்தது. அதை அவள் படித்துச் சொன்னாள். "பார்வையாளர்களை அன்புடன் வரவேற்கிறோம்."

"பார்வையாளரைத்தானே? அப்ப நான் உள்ள வரலாமா, கூடாதான்னு கேட்டுக்கோ" என்றார் ஆபரேட்டர்.

விளையாட்டுக்குச் சொன்னது, விளையாட்டாகவே முடிந்திருக்கலாம். ஆனால் நுழைவாயிலில் பாஸை வாங்கிப் பார்த்த பெண், அவரையும் அவர் கையிலிருந்த வெள்ளைக் கோலையும் பார்த்துவிட்டு அவளிடம், "சார் வேணும்னா கேண்டீன்ல உக்காந்துக்கட்டும் மேடம். ஏசி இருக்கு. நீங்க பாத்துட்டு வந்து கூட்டிக்கலாம்" என்றாள். குடையையும் பையையும் வாங்கி வைக்கிற மாதிரி ஒரு குரல். அண்ணன், "அதுவும் சரிதான்" என்று தொடங்கிவிட்டார். ஆபரேட்டர் அந்தப் பெண் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "பாஸ் நாலு இருக்குல்லம்மா? நாலு பேரும் போறோம்" என்றார். அந்தப் பெண் பாஸைத் திருப்பித் தந்தாள்.

சத்தம் போட்டுக் காட்டும் அரங்கு சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறக்குமாம். அதுவரை மற்றதைப் பார்க்கலாம் என்று உள்ளே போனார்கள். மற்றதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. விண்வெளி வீரர்களின் உடுப்பு இருந்த இடத்தில் அவளுக்கு ஒரே சந்தோஷம். மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்று, "அடுக்கடுக்கா துணி வெச்சுத் தெச்சிருக்காங்கங்க. முட்டி மடங்குற எடத்துல பாருங்க, சுருக்கம் சுருக்கமா விட்டுருக்கான். பஞ்சு வெச்ச ரஜாய்ப் போர்வைக்குக் கை கால் முளைச்ச மாதிரி இருக்கு. ஆனா இதப் போட்டுட்டு அவசரத்துக்கு எப்படிப் போவாங்கன்னுதான் புரியல" என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் நாலு அடி முன்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த கூடத்தில்தான் அந்த விண்கலம் இருந்தது.

மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேலே போய், திரும்பி வரும்போது காற்றில் உரசித் தீப்பிடித்து, எரிந்துகொண்டே இறங்கி, உள்ளே இருந்தவர்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த, வெளிநாட்டு நிஜக் கலம். மாதிரி இல்லை. கூடத்தின் நடுவில், ஒரு தாழ்ந்த மேடையில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி இல்லை. சுற்றிலும் இடுப்பளவுக்குச் சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. இதுவரை அவள் பார்த்த எதைப் போலவும் அது இல்லை. கருப்பு என்றால் கருப்பு இல்லை, பழுப்பு என்றால் பழுப்பு இல்லை. ஒரு பக்கம் உருகி வழிந்து உறைந்திருந்தது. ஒரு பக்கம் பொத்தல் பொத்தலாக இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் அவர்.

"பெருசா இருக்குங்க. கருகிப் போய்…"

"எவ்வளவு பெருசு? நம்ம ஆஸ்பத்திரி அளவா?"

"அவ்வளவு இல்ல."

"அப்ப பஸ் அளவா? லாரியா?"

"அது… லாரி மாதிரின்னு சொல்ல முடியாது. உருண்டையா, கூம்பா… கருகின கம்பளி மாதிரி…" குரல் ஒரு இழை மேலே போனது.

"இட்டுக் கட்டுற."

"நான் என்னங்க பண்ணட்டும்? வாயில வந்தாத்தானே!"

"சரி விடு. பரவால்ல" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். 'லைன் பிஸியா இருக்குங்க, அப்புறம் கூப்பிடுங்க' என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது முகத்தில் வைத்துக்கொள்கிற சிரிப்பு அது. கேட்டது கிடைக்கவில்லை என்பதை, கேட்டவர் மனம் நோகாமல் மூடிவைக்கிற சிரிப்பு. இத்தனை வருஷமாக அதைத் தனக்கும் அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்த மாதிரி இடங்களில் அப்படித்தான் நிற்பார். சின்ன வயசிலிருந்து, 'தொடாதே, தொடாதே' என்று கேட்டுக் கேட்டுப் பழகியது. அவரைச் சுற்றி எத்தனையோ பேர் நின்று அந்தக் கலத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை வாயில் விரலை வைத்தபடி பார்த்தது. ஒருவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, போனில் படம் எடுத்துவிட்டு நகர்ந்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் அது கிடைத்தது. அவருக்கு மட்டும் அவளுடைய கருகின கம்பளி.

அவளுக்குக் காது சூடானது. கயிற்றைத் தூக்கினாள்.

"குனிங்க."

"எதுக்கு?"

"குனிங்கன்னா குனிங்களேன்."

அவர் குனிந்தார். அவளும் குனிந்து உள்ளே போனாள். அவருடைய வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, அந்தக் கலத்தின் கருகிய பக்கத்தில் வைத்தாள்.

முதலில் அவர் கை அசையவே இல்லை. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பொத்தல் ஒன்றுக்குள் ஆள்காட்டி விரல் போய், அங்கேயே நின்று, வெளியே வந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் உள்ளங்கை மெல்ல வட்டமிட்டது. உருகி வழிந்திருந்த இடத்தில் மேலிருந்து கீழே வழுக்கி வந்தது. அவர் கோலை அவளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, கலத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி சாய்ந்தார். அப்படியே அதன் வளைவோடு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தார். பாதிச் சுற்று போவதற்குள் நின்றுவிட்டார்.

"இவ்வளவுதானா?"

"ஆமாங்க."

"இதுக்குள்ளயா மூணு பேர் உக்காந்திருந்தாங்க?"

"ஆமா, மூணு பேர்னுதான் போட்டிருக்கு."

"அடப்பாவிகளா! நம்ம சமையல்கட்டு இதை விடப் பெருசுடி! ரேடியோவுல பிரம்மாண்டம், பிரம்மாண்டம்னு சொல்லிச் சொல்லி, நான் ஆஸ்பத்திரி மாதிரி ஒன்னு மாடிப்படியோட ஆகாசத்துல போகுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டுல்ல போயிருக்கானுங்க!" அவர் சிரிக்கத் தொடங்கினார். கூடம் முழுக்க எதிரொலிக்கிற சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. மீசைக்காரக் காவலாளி ஒருவர் ஓடிவந்தார். "சார்! மேடம்! வெளிய வாங்க! என்ன பண்றீங்க?"

எந்த நாளும் போல் இருந்தால் அவளே முதலில் வெளியே ஓடியிருப்பாள். அன்றைக்கு ஓடவில்லை. "இருங்க. அந்தப் பக்கம் இன்னும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அவரை நடத்தினாள். சுற்று முழுசாக முடிந்த பிறகுதான் கயிற்றைத் தூக்கி வெளியே வந்தார்கள். காவலாளிக்கு உள்ளே போய்ப் பிடிக்கவும் தயக்கம், விடவும் பயம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூடவே சுற்றி வந்தார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "பாவம், கண்ணு தெரியாதவர். விடுங்கப்பா" என்றார் ஒருவர். "நாளைக்கு எல்லாரும் தொட்டா என்ன ஆகும்?" என்றார் இன்னொருவர். அவளுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. முதல் ஆள் மேல்தான் அதிகம்.

"இவங்க கூட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று காவலாளி கேட்டார். தூரத்தில் அண்ணி கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியதை அவள் பார்த்தாள். அண்ணன் ஏதோ ஒரு சக்கரத்தைப் பற்றி எழுதியிருந்ததை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினார்.

மேலாளர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேலாளர் ஐம்பது வயசு அம்மாள். மேஜை மேல் திறந்த சாப்பாட்டு டப்பா, இரண்டு வாய் சாப்பிட்டது அப்படியே இருந்தது. கத்தவில்லை. உட்காரச் சொன்னார்.

"உங்க மேல கோவம் இல்லைங்க. நான் சொல்றதைக் கேளுங்க. கையில வேர்வை இருக்கு, உப்பு இருக்கு. அது அந்த மேல்பரப்ப அரிச்சுடும். ஒருத்தர் தொட்டா ஒன்னும் ஆகாது. ஆனா ஒருத்தர விட்டா அடுத்தவர எப்படித் தடுக்கிறது? அது உலகத்துல ஒன்னே ஒன்னுதான் இருக்கு."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவளுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"சாரின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இனிமே இப்படிச் செய்யமாட்டோம்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சுது, மத்தியான ஷோவுக்குப் போங்க. இல்லன்னா உங்க பாஸை ரத்து பண்ணி வெளிய அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி கிடையாது."

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். முகம் வேர்த்திருந்தது. "சாரி சொல்லு பாப்பா. சொல்லிட்டு வெளிய வா. என் ஆபீசுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

ஆபரேட்டரும் மெதுவாக, "சொல்லிடலாம்மா" என்றார். "ஒரு வார்த்ததானே. ஷோ ஆரம்பிச்சுடும்."

அவள் அவரைப் பார்த்தாள். இந்த ஒரு சத்தத்துக்காக அவர் எத்தனை நாள் தவித்தார் என்று அவளுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சாரி வராதுங்கம்மா. தப்புன்னு தோணினா கால்ல விழுந்துகூடக் கேட்டிருப்பேன். எனக்குத் தோணல. வாசல்ல என்ன எழுதியிருக்கீங்க? பார்வையாளர்கள வரவேற்கிறோம்னுதானே? எங்க ஊட்டுக்காரரும் பார்க்கத்தான் வந்தார். நீங்க கண்ணால பார்ப்பீங்க. அவர் தொட்டுத்தான் பார்ப்பார். சாப்பிட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், போட்டுப் பார்க்கிறோம், அதெல்லாம் பார்க்கிறதுல சேராதா? அந்தக் கலத்தத் தொடக்கூடாதுன்னா நியாயம்தான். ஒன்னே ஒன்னுதான் இருக்கு, ஒத்துக்கிறேன். அப்ப அதே மாதிரி மரத்துலயோ மண்ணுலயோ இன்னொன்னு செஞ்சு பக்கத்துல வெச்சிருக்கணுமில்ல? இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒரு மூலைல அவர் கை வைக்க ஒரு சாமான் கிடையாது. கேண்டீன்ல உக்கார நாற்காலிதான் இருக்கு. இன்னிக்கு விட்டா மறுபடியும் செய்வேன். அப்புறம் எப்படி இனிமே செய்யமாட்டேன்னு சொல்றது? பொய்யில்ல?"

தன் குரலைத் தானே கேட்டு அவளுக்கு வியப்பாக இருந்தது.

"அவ கெடக்கா. அவங்க சார்பா நான் சாரி கேட்டுக்கிறேன் மேடம்" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்காதீங்கண்ணா" என்றாள் அவள். "நீங்கதான் எங்க கூட வரவே இல்லையே."

அண்ணன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

ஆபரேட்டர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "நான் எவ்வளவு நாளா காத்துட்டிருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பவும் சொல்லமாட்டே?"

"மாட்டேங்க."

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "சரிங்கம்மா. தொட்டது என் கை. கூட்டிட்டுப் போனது அவ. அவ சொல்லலன்னா நானும் சொல்றதா இல்ல. வாசல் எந்தப் பக்கம்?"

மேலாளர் அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர்கள் இரண்டு பேருடைய பாஸையும் வாங்கி இழுப்பறையில் போட்டார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. உள்ளிருந்து மணி அடித்தது, முதல் காட்சி தொடங்குவதற்கு.

"வருத்தமா?" என்று கேட்டாள்.

"வருத்தம்தான். இல்லன்னு சொன்னா பொய்." அவர் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "கொஞ்சம் கோவமும் இருக்கு உன் மேல. சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்து இன்னொரு குடும்பம். அவள் சட்டென்று எழுந்தாள்.

"என்னங்க, அந்தம்மா என்ன சொன்னாங்க? பாஸ ரத்து பண்ணி வெளிய அனுப்புறேன்னாங்க. அனுப்பிட்டாங்க. மறுபடி உள்ள வராதேன்னு சொன்னாங்களா?"

ஆபரேட்டர் யோசித்தார். ஒரு வார்த்தையையும் மறக்காத காது அது. "சொல்லல" என்றார்.

"இருங்க, வர்றேன்."

தையல் காசில் இரண்டு டிக்கெட் வாங்கினாள். வரிசையில் முன்னால் புக வந்த ஒருவரை, "சார், பின்னால போங்க" என்று அனுப்பிவைத்தாள். அவர் முனகிக்கொண்டே போனார்.

நுழைவாயிலில் நின்றது அதே மீசைக்காரர். டிக்கெட்டைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். "மேடம், இப்பத்தானே உங்கள…"

"அது பாஸுங்க. இது டிக்கெட்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வயர்லெஸ்ஸில் மேலாளரைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று அவர் அதைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் குரல் வந்தது. "டிக்கெட் இருக்குல்ல? அப்ப பார்வையாளர்தான். விடுங்க." சற்று நிறுத்தி, "நீங்க கூடவே போங்க. கயித்துக்கிட்ட விட்டுடாதீங்க" என்றது. அவள் அதை வெற்றி என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டாவது காட்சிக்கு அரங்கு நிறைந்திருந்தது. விளக்கை அணைத்தார்கள். எண்ணிக்கை இறங்கி வந்தது. பிறகு, முதலில் காலுக்கடியில்தான் தொடங்கியது. உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, வயிற்றைப் பிடித்து உலுக்கியது. அதற்குப் பின்னால் சத்தம் வந்தது. அதைச் சத்தம் என்று சொல்வதே தப்பு. ஆயிரம் லாரி இரும்பை ஒரே நேரத்தில் கொட்டினால்கூட அதில் ஒரு ஓரம்தான் வரும். அவளுக்குப் பயத்தில் கண்கள் தானாக மூடிக்கொண்டன. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த இரண்டு கைகளும் அதிர்ந்தன. எல்லாம் அடங்கி விளக்கு வந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

"எப்படிங்க இருந்தது?" என்று கேட்டாள். எடுத்துச் சொல்லச் சொல்லி அவரை அவள் கேட்பது அரிது.

அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "என்னன்னு சொல்றது? இன்னொரு தடவ கேட்டுட்டுச் சொல்றேன்."

மூன்றாவது காட்சிக்கும் உட்கார்ந்தார்கள். கூடவே உட்கார வேண்டிய கட்டாயத்தில் இருந்த மீசைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது அண்ணனும் அண்ணியும் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார்கள். அண்ணன் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். "வெக்கம் மானம் ஏதாவது இருக்கா உனக்கு? வெளிய துரத்தினதுக்கப்புறம் டிக்கெட் வாங்கிட்டு மறுபடி நுழையறியே! என் பேரக் கெடுக்கணும்னே வந்தியா? வண்டில ஏறு, வீட்ல போய்ப் பேசிக்கலாம். ஆபரேட்டர், நீங்களாவது சொல்லக்கூடாது?"

"நாங்க பஸ்ல வர்றோம்ண்ணா" என்றாள் அவள். "நீங்க கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி. அது வேற. ஆனா இனிமே எங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா, முதல்ல இவர மாப்பிள்ளைன்னு கூப்பிடுங்க. அதுக்கு வாய் வர்ற அன்னிக்கு நாங்க உங்க வண்டில ஏறுறோம்."

அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆபரேட்டர், "வர்றேன் மச்சான்" என்று கும்பிட்டுவிட்டு அவளோடு நடந்தார். முறையாகத்தான் சொன்னார், வழக்கம்போல.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்குவதற்குள், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி வேகவேகமாக வந்துகொண்டிருந்தார், தோளில் பையோடு.

"நானும் பஸ்லயே வர்றேன்" என்றார்.

"அண்ணி! அண்ணன் என்ன சொல்வாரு?"

"சொல்லட்டும். நான் கையத் தூக்கினேன்மா, நீ பாத்தேல்ல? புடிச்சு இறக்கி விட்டுட்டாரு. அந்த எடம் இன்னும் வலிக்குது." அண்ணி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அங்கே காயம் ஒன்றும் இல்லை.

பஸ் வந்தது. மூன்று பேருக்கும் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அண்ணி நடுவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஆபரேட்டர் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"தொட்டப்ப எப்படி இருந்ததுங்க? எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருந்தது."

ஆபரேட்டர் சொல்லத் தொடங்கினார். பொத்தலையும், வழிந்து உறைந்ததையும், மூன்று பேர் முட்டி இடித்து உட்கார்ந்த கதையையும் கையால் காற்றில் வரைந்து வரைந்து சொன்னார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போது பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் கார் பஸ்ஸை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. முந்திப் போகவும் இல்லை, விலகவும் இல்லை.

"அண்ணன் பின்னாலேயே வர்றாரு அண்ணி."

அண்ணி திரும்பவே இல்லை. "வரட்டும்" என்றார். "நீங்க சொல்லுங்க, அந்த உருகின எடம் வழவழன்னு இருந்துச்சா, சொரசொரன்னா?"